முத்திரையில்லாத கருவி

மிருதுளாவின் சிறுநீர்ப்பையில் கட்டி இருக்கிறது என்ற செய்தி முதலில் போய்ச் சேர்ந்தது மிருதுளாவுக்கு அல்ல, அவளுடைய மாமனாருக்கு. ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவர் அவர்தான். வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் தலைவரின் போனுக்குத்தான் தகவல் போகும் என்பது அரசாங்கம் வகுத்த ஒழுங்கு. மனிதர் நாமக்கல் கடைத்தெரு சலூனில் முகமெல்லாம் நுரையோடு உட்கார்ந்திருந்தபோது போன் அதை உரக்கப் படித்துவிட்டது. மருமகள் காதுக்கு விஷயம் வருவதற்குள், காய்கறிக்காரர் வரைக்கும் துக்கம் விசாரிக்கத் தயாராகிவிட்டார்.

செய்தியை அனுப்பியது 'தெளிவு'. எல்லா வீட்டுக் கழிப்பறைப் பீங்கானிலும் அதன் வில்லை ஒன்று பதிந்திருந்தது. தினமும் போகிற நீரை அது ருசி பார்க்கும், சந்தேகம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லிப் படம் எடுக்கும், என்ன நோய், என்ன வைத்தியம் என்று முடிவு சொல்லும். மாநிலம் முழுக்க ஒரே இயந்திரம், ஒரே முடிவு. நாலு டாக்டரிடம் போய் நாலு விதமாகக் கேட்டுக் குழம்பிய காலம் போய்விட்டது என்று ஜனங்கள் கொண்டாடினார்கள். பொய் சொல்லக் கூடாது, சர்க்கரையையும் சிறுநீரகக் கோளாறையும் அது முளையிலேயே பிடித்து எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. கூடவே டாக்டர்களிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டது. அவர்கள் யோசிப்பதை விட்டுவிட்டார்கள்.

மிருதுளாவுக்குத் தெளிவு சொன்ன முடிவு இது. கட்டி இருபத்து மூன்று மில்லிமீட்டர். புற்று. சிறுநீர்ப்பை முழுவதையும் எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு ஆயுசுக்கும் வயிற்றில் ஒரு துளை, துளையில் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் பை. அடுத்த மாதம் தேதியும் குறித்தாகிவிட்டது. அந்தத் தேதியில் அவள் சம்மதக் கையெழுத்துப் போடாவிட்டால் குடும்பத்துக்கே காப்பீடு ரத்தாகும். மாமனாரின் இருதய மாத்திரையும் அந்தக் காப்பீட்டில்தான் வந்துகொண்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் விதியை நொந்துகொண்டு படுத்திருப்பார்கள். மிருதுளாவின் உத்தியோகம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. எடையளவுத் துறையில் அவள் முத்திரை ஆய்வாளர். லாரி ஏறும் எடைமேடையிலிருந்து நகைக்கடைத் தராசு வரைக்கும், வருஷா வருஷம் சோதித்து முத்திரை குத்துவது அவள் வேலை. எந்தத் தராசையும் அவள் அதன் வார்த்தையை வைத்து நம்பியதில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட இலையில் விழுகிற இனிப்பை அளவெடுக்கிற கண் அவளுக்கு என்று கணவன் நவநீதன் கேலி செய்வான்.

அவனையும் கூட்டிக்கொண்டுதான் அறுவை டாக்டர் ரித்விக்கைப் பார்க்கப் போனாள். நாற்பது வயசுக்காரர், மரியாதையான மனிதர். அவர்களைப் பார்த்ததைவிடத் திரையை அதிகம் பார்த்தார்.

"வேற டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டிக்கலாமுங்களா?" என்றாள் மிருதுளா.

"தாராளமா காட்டுங்க மேடம். சேலம் போங்க, கோயமுத்தூர் போங்க. எங்க போனாலும் இதே திரைதான், இதே முடிவுதான்."

"திரை சொல்றது இருக்கட்டுங்க. நீங்க என்ன நினைக்கறீங்க?"

"நானா?" டாக்டருக்கு அது பழக்கமில்லாத கேள்வியாக இருந்தது. மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து மறுபடியும் வைத்தார். "நான் நினைக்க ஒண்ணும் இல்லீங்க. இது முடிவு. மாத்திச் சொன்னா என்ற லைசென்ஸ் போயிரும்."

"அந்தக் கட்டியில இத்தனூண்டு கிள்ளி எடுத்து மைக்ராஸ்கோப்புல பாத்தீங்களா?"

"அதையெல்லாம் நிறுத்தி வருஷக்கணக்காச்சுங்க. கிள்ளுனா பரவிரும்னு ஒரு பயம், வீண் தாமதம் வேற. அதைப் பாத்துச் சொல்ற டாக்டருங்களே இப்ப இல்ல. அந்தப் படிப்பையே எடுத்துட்டாங்க."

"சரிங்க, இந்த மெஷினை யாரு செக் பண்றது?"

"அது தன்னைத்தானே செக் பண்ணிக்குமுங்க."

மிருதுளாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு முட்டை மண்டிக்காரர் தன் தராசைப் பற்றிப் போன வாரம்தான் அவளிடம் இதே வார்த்தையைச் சொல்லி, அபராதம் கட்டிவிட்டுப் போனார்.

டாக்டர் குரலைத் தணித்தார். "பயப்படாதீங்க மேடம். இந்த ஆபரேஷன்ல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பேரு குணமாயிருக்காங்க. எங்க தேடறீங்க, உங்க அக்காவே இருக்காங்களே!"

அக்கா சுபிக்ஷா இருந்தாள்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கும் இதே கட்டி, இதே முடிவு, இதே ஆஸ்பத்திரி. பெண்கள் கூட்டங்களில் அவளை மேடையேற்றி 'குணமானவர்' என்று சால்வை போர்த்துவார்கள். மேடையை விட்டு இறங்கியதும் நேராக வீட்டுக்குப் போய்விடுவாள். பை கசிந்துவிடுமோ, வாடை வருமோ என்ற பயத்தில் சொந்த மகளின் சீமந்தத்துக்கே பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு, சாப்பிடாமல் கிளம்பிய பெண் அவள். ஆனால் தங்கை தயங்குகிறாள் என்று கேள்விப்பட்டதும் வரிந்துகட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"என்ன கண்ணு உன்ற அடம்? நான் உசிரோட முன்னால நிக்கறனா இல்லியா?"

"நிக்கறக்கா."

"பின்ன? ஊருக்கெல்லாம் ஒரு ரூல், உனக்கு ஒரு ரூலா? தராசைத் தட்டித் தட்டிப் பாத்து உனக்கு எதைக் கண்டாலும் சந்தேகம். உன்னை நம்பி ஒரு பிள்ளை இருக்குது. மாமனார் இருக்காரு. கையெழுத்தைப் போடு."

நவநீதன் சமையலறை வாசலில் நின்றபடி தலையாட்டினான். நல்லவன்தான். ஆனால் பயந்துபோன நல்லவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மிருதுளாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. அக்காவைத் திட்டவும் வாய் வரவில்லை. அத்தனையும் அனுபவித்தவள் அவள்.

"கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லலக்கா. இன்னொரு தராசுல நிறுத்துப் பாக்காம போட மாட்டேன்."

"அந்த இன்னொரு தராசு எங்கடி இருக்குது?"

அதுதான் சிக்கல். ஆனால் அந்தக் கேள்வியிலேயே அவளுக்கு வழியும் தட்டுப்பட்டது. மனிதர்களுக்கான எல்லாக் கருவியும் தெளிவோடு சேர்ந்துவிட்டது. மாட்டுக்கு ரேஷன் அட்டை கிடையாது, அதனால் மாட்டைத் தெளிவு சீண்டவில்லை. பரமத்தி சாலையில் கால்நடை டாக்டர் ஷிஃபானாவிடம் பழைய காலத்து ஸ்கேன் பெட்டி ஒன்று இருந்தது. அங்கே கன்றுக்குட்டி நிறுக்கும் தராசுக்கு முத்திரை போடப் போகும்போது மிருதுளா அதைப் பார்த்திருக்கிறாள்.

ஷிஃபானா விஷயத்தைக் கேட்டதும் இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். "மேடம், என்னைக் களி திங்க வெச்சிருவீங்க. நான் மனுஷங்களைத் தொடவே கூடாதுங்க."

"மனுஷின்னு ஏனுங்க எழுதறீங்க? செவலைக் கெடாரின்னு எழுதிக்கங்க."

ஷிஃபானா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்தவளால் அப்புறம் மறுக்க முடியவில்லை. நாய்களைக் கிடத்தும் மேஜையைத் துடைத்து, மேலே சுத்தமான துணியை விரித்தாள். மிருதுளா ஏறிப் படுத்தாள். கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஷிஃபானா கேட்டாள்.

"பீரியட்ஸ் கடைசியா எப்ப வந்துச்சுங்க?"

மிருதுளா தலையைத் தூக்கிப் பார்த்தாள். கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் அவளைப் படுக்கவைத்தார்கள், படம் எடுத்தார்கள், ஊசி குத்தினார்கள். ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

"அதை ஏனுங்க கேக்கறீங்க?"

"பழக்கமுங்க. மாடு வாயத் தொறந்து சொல்லுமா? பொட்டை சீவன் எது வந்தாலும் பருவத்துக்கு வந்தது எப்பன்னு கேக்காம நாங்க கை வெக்கறதில்ல. சரி, மூத்திரத்துல ரத்தம் எப்பெப்பத் தெரியுது?"

"தூரமாகறதுக்கு முந்தி ஒரு நாள் தெரியும். முடிஞ்சப்புறம் ஒரு நாள் தெரியும்."

"நடுவுல? அந்த நாள்லயே?"

"அது எப்படீங்க தெரியும்? அப்பத்தான் பொத்தானை அமுத்தி வெச்சர்றமே."

சொல்லி முடித்த பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சில நாளில் கட்டியைத் தெளிவு பார்த்ததே இல்லை என்பது இருவருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது.

அந்தப் பொத்தானுக்கு ஒரு கதை உண்டு. தெளிவு வந்த புதிதில், வீட்டுப் பெண்களின் மாதவிலக்கு விவரமும் சேர்ந்து குடும்பத் தலைவர் போனுக்குப் போய்க்கொண்டிருந்தது. மாமனாரும் கொழுந்தனும் அதைப் படிப்பதா என்று பெண்கள் தெருவுக்கு வந்து சண்டை போட்டார்கள். நியாயமான சண்டை. சர்க்கார் பணிந்து, கழிப்பறைச் சுவரில் 'ஓய்வு நாள்' என்று ஒரு பொத்தானை வைத்துக் கொடுத்தது. அதை அழுத்தினால் அந்த நாட்களில் தெளிவு கண்ணை மூடிக்கொள்ளும். யாரும் எதையும் குறிக்க மாட்டார்கள். அந்த நாட்களில் படம் எடுக்கவும் கூப்பிட மாட்டார்கள். குடும்பத் தலைவர் என்ற ஏற்பாட்டை மாற்றியிருந்தால் பொத்தானே தேவைப்பட்டிருக்காது. அது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. பெண்கள் ஜெயித்துவிட்டோம் என்று லட்டு கொடுத்தார்கள்.

ஷிஃபானா அளந்தாள். இருபத்திரண்டு மில்லிமீட்டர். "இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டனுங்க. தூரமானதும் வாங்க. அப்ப ஒருக்கா பாக்கோணும்."

அந்த நாளில் மறுபடி போய்ப் படுத்தாள். முப்பத்து நாலு மில்லிமீட்டர். ஷிஃபானா நம்பாமல் இன்னொரு தடவை அளந்தாள். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"புத்து காலண்டர் பாத்து வளந்து காலண்டர் பாத்துச் சுருங்காதுங்க. உங்களுக்குக் குழந்தை ஆபரேஷன் பண்ணித்தான பொறந்துச்சு? அப்ப கர்ப்பப்பையோட உள்தோல்ல துளி தப்பிப் போய் மூத்திரப்பையில ஒட்டியிருக்கலாம். அது தன்னைக் கர்ப்பப்பைன்னே நினைச்சுக்கிட்டு மாசா மாசம் வீங்கும், கசியும், அப்புறம் அடங்கும்."

"மாட்டுக்கு இப்படி வருமுங்களா?"

"வராது. குரங்குக்கு வரும். படிக்கறப்ப ஒண்ணைப் பாத்திருக்கேன்." ஷிஃபானா விரலை உயர்த்தினாள். "ஆனா நான் சொல்றது அத்தனையும் 'இருக்கலாம்'தானுங்க. கிள்ளி எடுத்து மைக்ராஸ்கோப்புல பாத்தாத்தான் உறுதி. எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க. கோழிக்கும் ஆட்டுக்கும் பாக்கறதுக்கு எங்க பக்கம் அந்தப் படிப்பு இன்னும் உசிரோட இருக்குது. என்ற புரொபசர் பாப்பாரு."

கட்டி புற்று இல்லாமல் இருக்கலாம் என்ற அந்த ஒரு 'லாம்' மிருதுளாவுக்குப் போதுமானதாக இருந்தது. ரித்விக்கிடம் ஓடினாள். அவர் இரண்டு அளவையும் கேட்டார், முகம் மாறியது, ஆனாலும் தலையை அசைத்தார். தெளிவு முடிவு சொன்ன உடம்பில் கிள்ளி எடுப்பது குற்றம். இயந்திரம் இயங்காமல் போனால் மட்டும், டாக்டர் தன் அறிவுக்குத் தெரிந்ததைச் செய்யலாம், காப்பீடும் ரத்தாகாது. புயல் வெள்ளக் காலத்துக்காகப் போட்ட விதி அது என்றார். மெனக்கெட்டு அதை ஏன் தன்னிடம் சொன்னார் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மிருதுளா யோசித்துக்கொண்டே வந்தாள்.

அறுவைத் தேதி வந்தது. நவநீதன் பிளாஸ்கும் போர்வையுமாக வந்தான். சுபிக்ஷா கோயில் விபூதியோடு வந்தாள். மிருதுளா ஒரு தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். அறுவைக்கு முன்னால் கட்டியைக் கடைசியாக ஒருமுறை அளக்கும் அறைக்கு அவளைக் கூட்டிப்போனார்கள். அங்கே வெள்ளை நிறத்தில், அலமாரி உயரத்துக்குத் தெளிவின் அளவைக்கருவி நின்றது. நர்ஸ் உடுப்பு மாற்றச் சொன்னாள்.

"மாத்தறேன் சிஸ்டர். அதுக்கு முன்னால ஒரு சின்ன வேலை." மிருதுளா பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டினாள். "நான் முத்திரை ஆய்வாளர். இந்தக் கருவி மில்லிமீட்டர்ல அளந்து சொல்லி, அந்த அளவை வெச்சு முடிவு எடுக்கறீங்க. அளக்கற சாமான் எதுவா இருந்தாலும் எங்க முத்திரை இல்லாம உபயோகிக்கக் கூடாது. இதுல முத்திரை எங்கீங்க?"

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. கருவியைச் சுற்றிப் பார்த்தாள். எந்தக் காலத்திலும் யாரும் அதைச் சோதித்த அடையாளம் இல்லை.

"ஒரே கட்டிக்கு இருபத்திரண்டு, முப்பத்து நாலுன்னு ரெண்டு அளவு வேற ஒரு கருவியில வந்திருக்குது. இது இருபத்து மூணைத் தவிர வேறெதையும் பாத்ததே இல்ல. சோதிக்காம விட முடியாதுங்க."

சொல்லிக்கொண்டே கருவியின் மின்சாரத்தை அணைத்தாள். சுவிட்சுப் பெட்டியின் கைப்பிடியில் கம்பியைக் கோத்து முறுக்கி, முனையில் ஈய வில்லையை வைத்துக் குறட்டால் ஓர் அழுத்து அழுத்தினாள். சொந்தக் காரியத்துக்குச் சர்க்கார் குறட்டை எடுத்தது தப்புதான் என்று அவளுக்குத் தெரியும். சஸ்பெண்ட் செய்தாலும் செய்வார்கள். செய்துகொள்ளட்டும் என்று இன்னும் கொஞ்சம் பலமாகவே அழுத்தினாள்.

"அய்யோ, பொண்டாட்டிக்குப் பைத்தியம் புடிச்சிருச்சே!" என்று நவநீதன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். சத்தம் கேட்டு ரித்விக் வந்தார். அணைந்த திரையைப் பார்த்தார். ஈய முத்திரையைப் பார்த்தார். யாரையாவது அதை உடைக்கச் சொல்வார் என்றுதான் நர்ஸ் காத்திருந்தாள்.

"சர்க்கார் முத்திரையை உடைச்சா ஜெயில், இல்லீங்களா மேடம்?"

"ஆமாங்க டாக்டர்."

"அப்ப மெஷின் இயங்கல." அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "சிஸ்டர், பழைய குழாய் காமிரா ஸ்டோர்ல இருக்கும். கழுவிக் கொதிக்கவெச்சு எடுத்துட்டு வாங்க. என்ற பேர்ல நான் பண்றேன்."

படிக்கும் காலத்தில் செய்தது. ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தார். கட்டியிலிருந்து எள்ளளவு கிள்ளி எடுத்தார். கோழியும் ஆடும் வரிசையில் நிற்கும் இடத்துக்கு அது ஷிஃபானாவின் ஸ்கூட்டரில் போனது.

முடிவு வந்த அன்று ரித்விக் அவர்களை அறைக்குக் கூப்பிட்டார். சுபிக்ஷாவும் உடன் வந்தாள். அன்றைக்கு டாக்டர் திரையைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"புத்து இல்லீங்க மேடம். கர்ப்பப்பைத் தோல்தான். மாத்திரையில சுருங்கும். மிஞ்சிப் போனா அந்த இடத்தை மட்டும் சின்னதா எடுத்துக்கலாம். மூத்திரப்பைக்கு ஒண்ணும் வராது."

மிருதுளா அழுதாள். நன்றாக, சத்தமாக, மூக்கைச் சிந்தி அழுதாள். நவநீதன் யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் மேஜையைப் பார்த்துக் கும்பிட்டான். சுபிக்ஷா மட்டும் விரலை மடக்கி எதையோ கணக்குப் பார்த்தாள்.

அப்புறம் டாக்டர் பக்கம் திரும்பினாள். "எனக்கும் அப்ப ரத்தம் தூரத்துக்கு முந்தின நாளும் பிந்தின நாளும்தான் வந்துச்சு டாக்டர். நானும் பொத்தானை அமுத்துவேன். என்ற பிள்ளையும் ஆபரேஷன்தான்."

ரித்விக் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்ற மூத்திரப்பையை வெட்டி எடுத்தீங்கல்ல, அதை எங்க வெச்சிருக்கீங்க? இப்ப எடுத்துப் பாக்கச் சொல்லுங்க."

"அன்னிக்கே எரிச்சிருவோமுங்க. பாக்கத் தேவையில்லைன்னு ரூலு." அவர் அவளை நேராகப் பார்த்தார். "உங்களுக்கு நெசமாவே புத்து இருந்திருக்கலாம். இல்லாமயும் இருந்திருக்கலாம். இனிமே யாராலயும் சொல்ல முடியாதுங்க."

"தெரியாத சீக்கை எப்படிக் குணமாச்சுன்னு எழுதுனீங்க?"

"ஆபரேஷன் முடிஞ்சு உசிரோட இருந்தா குணம்னு அதுவே எழுதிக்கும். அப்படிக் குணமாகிறவங்க கூடக் கூட, அடுத்த ஆளுக்கு இன்னும் உறுதியாச் சொல்லும்." சொல்லிவிட்டு டாக்டர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். அந்தத் தொண்ணூற்றெட்டின் அர்த்தம் அவருக்கே அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. நோயே இல்லாதவர்கள் பிழைத்துக்கொள்வதில் என்ன அதிசயம் இருக்கிறது? தன் கையால் எத்தனை பேரைக் குணமாக்கினோம் என்று அவர் எண்ணத் தொடங்கியிருக்க வேண்டும்.

"என்ற பேரை அதுல இருந்து எடுங்க" என்றாள் சுபிக்ஷா. "என்னைக் காட்டி இன்னொருத்தியை அறுக்க வேண்டாம்."

"எடுக்க வழியே இல்லீங்க அக்கா. செத்துப் போனாத்தான் அந்தக் கணக்குல இருந்து பேரு போகும்."

"அப்ப செத்துட்டன்னு எழுதுங்க."

"அக்கா!" என்றாள் மிருதுளா.

"நீ சும்மா இரு கண்ணு."

"காப்பீடு போயிருமுங்க," என்றார் டாக்டர். "அப்புறம் உங்களுக்கு மாத்தற பைகூட ஆஸ்பத்திரியில தர மாட்டாங்க."

"என்ற தங்கச்சி வாங்கித் தருவா. எழுதுங்க டாக்டர். ஆபரேஷனால செத்தான்னே எழுதுங்க, நாலு வருஷம் தாமதமா."

ரித்விக் நாற்காலியை முன்னால் இழுத்தார். பிறகு திரையைத் தன் பக்கம் திருப்பி எழுதினார். மூலையில் இருந்த குண விகிதத்தில், புள்ளிக்குப் பின்னால் இருந்த கடைசி எண் ஒன்று குறைந்தது. அவ்வளவுதான். ஆனால் தெளிவு ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு மனிதக் கை அந்த எண்ணைக் கீழே இறக்கி யாரும் பார்த்ததில்லை.

செத்துப்போன சுபிக்ஷா எழுந்து நின்று, எல்லார் முன்னாலும் புடவையை ஒதுக்கி வயிற்றுப் பையைச் சரிசெய்துகொண்டாள்.

"வா கண்ணு. என்னோட மேடையேறி சால்வை வாங்குன பொம்பளைங்க ஊருக்கு ஊரு இருக்காங்க. இருட்டறதுக்குள்ள நாலு வீடாவது போய், எப்பெப்ப ரத்தம் வந்துச்சுன்னு கேட்டுட்டு வரலாம்."